வடக்கே போய் வந்தவன் வீடு

மல்சுன்னின் புருஷன் தொக்சாமை வடக்குக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனபோது அவர்கள் மகள் கும்ஜாவுக்கு ஆறு வயது. அது கணவாய் மீன் பிடிக்கும் பருவம். மூடுபனியில் இன்ஜின் நின்றுபோய், படகு நீரோட்டத்தோடு வடக்கே நகர்ந்திருக்கிறது. தண்ணீரில் எந்த இடத்தில் ஒரு நாடு முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பனி விலகியபோது துப்பாக்கிப் படகு ஒன்று பக்கத்தில் நின்றது. எட்டுப் பேரையும் படகோடு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரே நாடு வடக்கும் தெற்குமாகப் பிரிந்து போட்ட சண்டை ஓய்ந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. நிறுத்துகிறோம் என்றுதான் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டிருந்தார்களே தவிர, முடிந்தது என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. ஊர்க் கரை முழுக்க முள்கம்பி. பொழுது சாய்ந்தால் மணலில் கால் வைக்கக் கூடாது. இப்படிப்பட்ட ஊரில் புருஷன் வடக்கே போய்விட்டவள் கும்பிடாத சாமி இல்லை. பதினோரு மாதம் கழித்து ஒரு செப்டம்பர் காலையில் அதே படகு திரும்பி வந்தது. எட்டுப் பேரும் உயிரோடு இருந்தார்கள்.

கரையில் நின்ற பெண்களைப் போலீஸ் பக்கத்தில் விடவில்லை. ஆட்களை நேரே ஒரு விடுதிக்குக் கொண்டுபோய் ஆளுக்கொரு அறையில் அடைத்து, பன்னிரண்டு நாள் கேள்வி கேட்டார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டியதற்கு ஒரு வழக்கு. எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். தொக்சாம் வீட்டுக்கு வந்தபோது கன்னம் உப்பி, நிறம் வெளுத்து, போனதைவிடக் கொழுத்திருந்தான். அதிகம் பேசவில்லை. அங்கே கூட்டிக்கொண்டு போய்த் தொழிற்சாலைகளைக் காட்டினார்கள், வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டார்கள் என்று இரண்டு வார்த்தை சொன்னான். மறுவாரமே வேறொரு படகில் வேலைக்குப் போய்விட்டான்.

கணவாயைப் பிளந்து கொடியில் காயப்போடும் களத்தில் பெண்கள் இருபது பேர் இருப்பார்கள். அங்கே மல்சுன்னுக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் பொக்னம். வாய்த் துடுக்கு அதிகம்.

"என்ன கும்ஜா அம்மா, உன் வீட்டுக்காரர் மாமியார் வீட்டு விருந்துக்குப் போயிட்டு வந்த மாதிரியில்ல வந்திருக்காரு" என்றாள் பொக்னம்.

மல்சுன்னும் சிரித்தாள். பதினோரு மாதம் சிரிக்காத சிரிப்பு அது. "அங்க தினமும் வெள்ளைச் சோறாம், மாட்டுக்கறிச் சாறாம். என் பார்லிச் சோத்தைப் பார்த்தா மூஞ்சியைச் சுளிக்கிறாரு" என்றாள். களமே சிரித்தது. பேச்சு வேறெங்கோ போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து, நவம்பரில், வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. தொக்சாம் பிரித்துக்கொண்டிருந்த தூண்டில் கயிற்றுச் சிக்கலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். ஒன்றிரண்டு விஷயம் கேட்டுவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். காலில் போட்டிருந்த ரப்பர் பூட்ஸோடு ஏறிப் போனான்.

அன்று மாலை வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் நகரத்தில் அவனை வைத்திருந்த விசாரணைக் கட்டடம். மல்சுன் தினமும் போனாள். உள்ளே விடவில்லை. மாற்றுத்துணி கொடுத்தால் மட்டும் வாசல்காரன் வாங்கிக்கொண்டு, பழைய துணியைச் சுருட்டிக் கொடுப்பான். மூன்றாவது முறை கிடைத்த சுருட்டில் சட்டையின் முதுகு அட்டை மாதிரி விறைத்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் கும்ஜா பார்ப்பாள் என்று வழியில் ஓடைத் தண்ணீரிலேயே உட்கார்ந்து அலசினாள். ஐந்து முறை பிழிந்த பிறகும் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது.

முப்பதாவது நாளோ என்னவோ, அவளை உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த விசாரணை அதிகாரி பெயர் பாங். நாற்பது வயதிருக்கும். நாற்காலி போடச் சொல்லி, சூடாகக் குடிக்கவும் கொடுத்தார். அந்த மரியாதைதான் அவளைப் பயமுறுத்தியது.

அவள் புருஷன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டதாகப் பாங் சொன்னார். வேண்டுமென்றே வடக்கே போனான், அங்கே பயிற்சி எடுத்தான், துறைமுகத்தில் நிற்கும் கடற்படைப் படகுகளை எண்ணிச் சொல்லும் வேலையோடு திரும்பி வந்தான் என்று காகிதத்தைப் பார்த்துப் படித்தார். துறைமுகத்துக்கு வருகிற எந்தப் பிள்ளையும் அந்தப் படகுகளை எண்ணலாமே என்றாள் மல்சுன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். எதிரி நாட்டைப் புகழ்ந்து ஊரில் பிரசாரம் செய்தது, வெள்ளைச் சோறு, மாட்டுக்கறிச் சாறு. தேதி இருந்தது, களத்தின் பெயர் இருந்தது, நான்கு பெண்களின் கைநாட்டு இருந்தது. பொக்னத்தின் பெயரும் அதில் ஒன்று.

இத்தனை நாளும் எவன் கண் பட்டதோ, எவன் காட்டிக்கொடுத்தானோ என்று ஊரில் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுத்தது தன் வாய்தான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. கையிலிருந்த கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

பாங் ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். அவரே படித்துக் காட்டினார். புருஷன் தினமும் வீட்டில் வடக்கு வானொலி கேட்டான், அவளையும் கேட்கச் சொன்னான் என்று எழுதியிருந்தது.

"எங்க வீட்டு ரேடியோவுல பேட்டரியே இல்லீங்க. ரெண்டு வருசமா பெட்டியா கெடக்கு."

"இந்தாம்மா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வீட்டுப் பொம்பளையே தப்பை ஒத்துக்கிட்டா கோர்ட்டு இரக்கம் காட்டும். ஒரு வருசத்துல வந்துடுவாரு. இல்லேன்னா தெரிஞ்சும் சொல்லலேன்னு உங்களையும் உள்ள வைக்கணும். பொண்ணு அநாதை விடுதிக்குப் போகணும். ஒம்பது வயசாமே அதுக்கு?"

அவள் மை தோய்த்த கட்டைவிரலை அவர் காட்டிய இடத்தில் வைத்தாள்.

வழக்கு வசந்தத்தில் வந்தது. அதற்கு முன் பாங் மூன்று முறை ஊருக்கு வந்தார். கேட்கிற கேள்விக்கு 'ஆமா' என்ற ஒரு வார்த்தைக்கு மேல் சொல்லக் கூடாது என்று, பாடம் ஒப்பிக்க வைப்பது மாதிரி, மூன்று முறையும் சொல்ல வைத்துப் பார்த்தார். அவளும் சொன்னாள். வாசலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்த கும்ஜா நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டில் தொக்சாமைக் கயிற்றால் கட்டிக் கூட்டிவந்தார்கள். குதிகால் தரையில் படாமல், அனல்மேல் நடப்பவன் போல நடந்து வந்தான். கொழுத்திருந்த கன்னம் இருந்த இடத்தில் எலும்பு இருந்தது. ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தான். அவளுக்கு அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று புரியவில்லை. கெஞ்சுகிறானா, தடுக்கிறானா?

அரசு வக்கீல் கேள்வியைக் கேட்டார். உங்கள் புருஷன் வீட்டில் வடக்கு வானொலி கேட்டது உண்மைதானே?

இரண்டாவது வரிசையில் பாங் உட்கார்ந்திருந்தார். ஆமா என்று சொல்லத்தான் மல்சுன் வாயைத் திறந்தாள். ஒரு வருஷம்தான், அடுத்த கணவாய்ப் பருவத்துக்கு வந்துவிடுவான் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தவள் அவள். ஆனால் கட்டப்பட்ட அந்தக் கைகளில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லாததை அவள் அப்போது பார்த்துவிட்டாள். ஒரு தடவை யோசிக்காமல் பேசி அவனை அங்கே நிறுத்தியாயிற்று. இன்னொரு தடவையும் அதே வாயா?

"இல்லீங்க" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எங்க ரேடியோவுல பேட்டரி இல்ல. காகிதத்துல கைநாட்டு வெச்சது நான்தான். வெக்கச் சொன்னது அதோ, ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்காரே, அவரு. வெள்ளைச் சோறுன்னு களத்துல சொன்னதும் நான்தான். என் வீட்டுக்காரரு சொல்லல."

ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நீதிபதி எதையோ குறித்துக்கொண்டு, இறங்கலாம் என்றார். தொக்சாம் கண்ணை மூடிக்கொண்டான்.

வாசலிலேயே அவளைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்று நாள் கழித்து விட்டார்கள். அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வாரத்தில் தீர்ப்பு வந்தது. பத்து வருஷம். மனைவி கோர்ட்டில் சொன்னது பாசத்தால் சொன்னது, நம்பத் தகுந்ததல்ல. கைநாட்டு வைத்த வாக்குமூலமே உண்மை என்று தீர்ப்பில் இருந்தது.

சிறைக்குப் போய் முதன்முதலாகப் பார்த்த அன்று, தொக்சாம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். கும்ஜாவுக்குப் பல் விழுந்து முளைத்ததைப் பற்றி அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். நேரம் முடியப்போகிறது என்று காவலாளி சொன்ன பிறகு அவன் கேட்டான்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"பொய் சொல்ல வாய் வரலீங்க."

"நீ ஆமான்னு சொன்னா அஞ்சு வருசத்தோட விட்டுடறதா என்கிட்ட சொல்லியிருந்தாங்க. உன்னையும் தொடமாட்டோம்னு சொன்னாங்க. அதுக்குத்தான் நான் எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டேன்."

அவள் வலையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். காவலாளி அவன் தோளைத் தொட்டான். எழுந்து போய்விட்டான்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் அஞ்சைப் பத்திலிருந்து கழித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அந்தக் கணக்கைப் போடாத நாளே இல்லை. துணி துவைக்கும்போது, முட்டைக்கோசு நறுக்கும்போது, பிறர் வீட்டு எருவைச் சுமக்கும்போது, அஞ்சு வருஷம், என் வாயால் அஞ்சு வருஷம் என்றே உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். கணவாய்க் களத்தில் அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தெருவில் எதிரே வருகிறவர்கள் காய்ந்துகொண்டிருக்கும் வலையைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொள்வார்கள். ஒரு மத்தியானம் பொக்னம் வந்து கதவுக்கு வெளியே நின்று அழுதாள். தன்னையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள், தனக்கும் மூன்று பிள்ளைகள் என்றாள். மல்சுன் உள்ளேயே இருந்தாள். கதவைத் திறக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

கும்ஜா பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். பதினைந்து வயதில் புசானில் ஒரு செருப்புத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்விட்டாள். கடிதம் வரும். அதில் தன் பெயரை மட்டும் எழுதுவாள், விலாசம் எழுதமாட்டாள். அம்மாவுக்குத் தெரிந்தால் அம்மா பதில் போடுவாள், உறைமேல் ஊர்ப் பெயர் இருக்கும், ஊர்ப் பெயரைப் பார்த்தால் யாராவது விசாரிப்பார்கள்.

எட்டு வருஷம் முடிந்து தொக்சாம் வந்தான். மிச்சத்தைக் கழித்து விட்டுவிட்டார்கள். நாற்பத்து நான்கு வயதில் கிழவனாக வந்து இறங்கினான். வாரா வாரம் போலீஸ் சாவடியில் போய்ப் பதிய வேண்டும், படகில் ஏறக் கூடாது. பகலெல்லாம் அறையில் சுவரோரமாக உட்கார்ந்திருப்பான். கதவைத் தட்டினால் எழுந்து நின்றுவிடுவான். சிறை வலைக்குப் பின்னால் சொன்னதைப் பற்றி இருவரும் பேசவே இல்லை. அவளுக்குக் கேட்கப் பயம்.

அவன் வந்து இரண்டு மாதமிருக்கும். பிப்ரவரி, வெயில் இருந்தும் குளிர் குறையாத முற்பகல். அபாயச் சங்கு ஊதியது. மாதம் ஒரு தடவை ஒத்திகைக்கு ஊதுவதுதான், அன்றைக்கு ஒத்திகைத் தேதி இல்லையே என்று மல்சுன் யோசிப்பதற்குள் ஒலிபெருக்கி அலறியது. இது ஒத்திகை அல்ல, எதிரி விமானம், உண்மையான அபாயம் என்று இரண்டு தடவை சொன்னது. தெருவில் கால்கள் ஓடின. பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஊரே பதுங்குகுழிப் பக்கம் ஓடியது.

"எந்திரிங்க, போயிடலாம்" என்றாள்.

தொக்சாம் எழுந்தான். வாசலுக்குப் போகவில்லை. பெட்டியைத் திறந்து சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். மேலே ஒரு கம்பளிச் சட்டை. பல் துலக்கும் பிரஷையும் இரண்டு ஜோடிக் காலுறையையும் துண்டில் வைத்து முடிந்தான். பிறகு தரையில் உட்கார்ந்து பூட்ஸைப் போட ஆரம்பித்தான். வீட்டுக்குள் பூட்ஸ் போடுகிறானே என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. மறுகணம் புரிந்துவிட்டது.

அந்தப் பழைய சண்டை மூண்ட வாரத்தில், விமானம் வருவதற்கு முன்னாலேயே, போலீஸ் வந்து சந்தேகப் பட்டியலில் பெயர் இருந்தவர்களைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போயிற்று. அவளுடைய சித்தப்பா அப்படிப் போனவர். சுட்டுப் புதைத்தது மலைக்குப் பின்னால் என்றார்கள். எலும்பைக்கூடத் தேடக் கூடாது என்றார்கள்.

"எப்படியும் வருவாங்க. அவங்க வரும்போது தேட வைக்க வேண்டாம்" என்றான் தொக்சாம். "நீ ஓடு. கூட்டத்தோட கூட்டமா இருந்துக்கோ."

மல்சுன் சமையலறைக்குப் போனாள். ஒரு துணியை விரித்துத் தன் கம்பளிப் பாவாடையையும் சீப்பையும் வைத்து முடிந்து எடுத்துவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அந்த மூட்டையைப் பார்த்தான். வெளியே சங்கு ஓயாமல் ஊதிக்கொண்டிருந்தது. தெரு காலியாகிவிட்டது. இனிமேல் கேட்பதற்கு நேரம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அன்னிக்கு நான் ஆமான்னு சொல்லியிருந்தா மூணு வருசத்துக்கு முன்னாடியே வந்திருப்பீங்க இல்ல?"

அவன் பூட்ஸின் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தான். முடிச்சு நழுவிற்று. மறுபடி கட்டினான்.

"உன்கிட்ட எத்தனை வருசம்னு சொன்னாங்க?"

"ஒண்ணு."

"என்கிட்ட அஞ்சு. சொன்ன வாய் ஒண்ணுதானே." மறு காலின் பூட்ஸை இழுத்துக்கொண்டான். "முதல்ல உன்மேல கோபமாத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். அப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும் செத்துடலாம்னு தோணும்போது, அந்த ரூம்ல ஒருத்தி எழுந்து நின்னு இல்லேன்னு சொன்னாளேன்னு நினைச்சுக்குவேன். எனக்கே நான் ஒற்றனோன்னு சந்தேகம் வந்த நாள் உண்டு மல்சுன். அத்தனை தடவை எழுதி வாங்கினாங்க."

அவள் அவன் முடிச்சை வாங்கித் தானே கட்டிவிட்டாள். இருவரும் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஜீப் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை ஏதோ வண்டி வந்தது. தொக்சாம் எழுந்து, கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து நின்றான். வண்டி நிற்காமல் கடலோரம் போய்விட்டது. அப்புறமும் அவன் உட்காரவில்லை. அவள் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

சங்கு நின்றது. வடக்கிலிருந்து விமானத்தோடு ஒருவன் தப்பி வந்துவிட்டான், அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம் என்று ஒலிபெருக்கி சொன்னது. தெருவில் ஜனங்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது. யாரோ செருப்பைத் தொலைத்துவிட்டதைச் சொல்லிச் சிரித்தார்கள். பதுங்குகுழியில் இந்த வீட்டு ஆட்கள் இல்லாததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தொக்சாம் பூட்ஸைக் கழற்றச் சாயங்காலம் வரை ஆயிற்று. மல்சுன் தன் மூட்டையைப் பிரிக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் கைக்கு எட்டும் இடமாகப் பார்த்து வைத்தாள். அடுப்பில் கரிக்கட்டி அணைகிற நேரமாகிவிட்டது. அதை மாற்றப் போனாள்.