கணக்கில் சேராத தாய்ப்புழுக்கள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் புழுக்காரி என்றுதான் பேர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நெளிகிற நூற்புழுக்களோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்துகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

வேலை இதுதான். வட்டத் தட்டில் ஜெல்லி, அதன்மேல் புழு தின்னக் கொஞ்சம் பாக்டீரியா, ஒரு தட்டுக்கு ஒரு தாய். பாதித் தட்டுகளில் மட்டும் ஓர் அமினோ அமிலத்தைக் கூடுதலாகக் கலப்பாள். புரதத்தை உடைத்தால் கிடைக்கிற சரக்குதான் அது. பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குஞ்சுகளை எண்ணுவாள். அமிலம் தின்ற தாய்களுக்குக் குஞ்சு அதிகம் என்று முதல் சுற்றில் தெரிந்தது. பேராசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சிக்கு ஆதரவு தரும் சத்துப் பவுடர் கம்பெனியின் மேலாளருக்கு அவரைவிட அவசரம். 'தாயாக விரும்பும் பெண்களுக்கு' என்று டப்பாவில் போட ஏற்பாடே செய்துவிட்டார்.

ஆனால் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சில தாய்ப்புழுக்களுக்கு முட்டை வெளியே வராது. உள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் தாயைத் தின்றுவிட்டு வெளியே வரும். அப்படிச் செத்ததை விபத்து என்று சொல்லி, தட்டின்மேல் குறுக்குக்கோடு போட்டுக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். எல்லாரும் செய்வதுதான். அவளும் செய்தாள். இரண்டாம் சுற்றில், குப்பைக்குப் போகிற தட்டுகளை அடுக்கும்போதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. கோடு விழுந்ததெல்லாம் அநேகமாக அமிலத் தட்டுகள்; அமிலம் தின்ற தாய்களில் பாதி செத்திருந்தன. செத்தவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாள். பீற்றிக்கொள்ள ஒன்றுமே மிஞ்சவில்லை. வெறும் சாப்பாடு தின்ற தாய்களே கூடுதலாகப் பெற்றிருந்தன.

"செத்ததை எடுத்துடறதுதானேம்மா வழக்கம்?" என்றார் பேராசிரியர்.

"ஒண்ணு ரெண்டு செத்தா விபத்து சார். பாதி செத்தா அதுதான் பதில்."

"நாளைக்கு மேலாளர் வர்றார். முதல் சுற்றுல போட்ட பழைய வரைபடத்தையே காட்டு. உன் முனைவர் பட்டத்துக்கு நான்தான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கட்டும்."

அவளுக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். இத்தனை வருஷ உழைப்பும் அந்த ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போனால் அங்கே அக்கா வந்திருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லாதவள்.

"உங்க பவுடர் எப்படி வருது? முதல் டப்பா எனக்குத்தான்டி, சொல்லிட்டேன்."

"வேண்டாம்க்கா. அதைத் தின்ன புழுவில பாதி செத்துப் போச்சு."

"செத்தது புழுதானே?"

"புழுதான். மனுஷிக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி டப்பாவுல அடிக்கப் போறாங்க."

"எனக்குன்னு வந்த ஒரு வழியிலயும் மண்ணைப் போடறியே!" அக்கா உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

புழுக்காரி கதவுக்கு வெளியே நின்று அழுதாள். கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. அக்கா மேல் இல்லை. அக்காவின் ஏக்கத்தை டப்பாவில் அடைத்து விற்கப் பார்க்கிறவர்கள் மேல்.

மறுநாள் கூட்டத்தில் அவள் பழைய வரைபடத்தைக் காட்டினாள். பேராசிரியர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். உடனே புதிய கணக்கையும் காட்டினாள். கடைசியாக, வயிறு முழுக்கக் குஞ்சுகள் நெளிய, செத்துக் கிடக்கும் ஒரு தாய்ப்புழுவைத் திரை நிறையப் பெரிதாக்கிப் போட்டாள். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதை யாரும்மா கேட்டா?" என்றார்.

"யாரும் கேக்கல சார். அதனாலதான் காட்டறேன்."

பேராசிரியர் எழுந்து வந்து திரையை அணைத்தார். "இந்த ஆராய்ச்சியைப் பத்தி எழுதற கட்டுரையிலேருந்து உன் பேரை எடுத்துடறேன். பட்டத்தையும் மறந்துடு."

"எடுங்க சார். செத்ததை எடுத்து எடுத்து உங்களுக்குக் கை பழகிப் போச்சு. ஆனா நான் சாகலை. உயிரோடதான் நிக்கறேன், வாயும் இருக்கு. கேட்டாலும் சொல்லுவேன், கேக்காட்டியும் சொல்லுவேன்."

அவள் திரையை மறுபடி போட்டாள்.