அருமநாயகம் சொல்லாத மறுமொழி

கிழக்கே அம்பூரி மலைச்சரிவில் இரப்பர்க் காடுகள் பனி போர்த்து நிற்க, மேற்கே பொழியூர்க் கடல் கரையைச் சிறிது சிறிதாய்க் கரைத்து முழங்க, இவ்விரண்டிற்கும் நடுவே தமிழும் மலையாளமும் ஒரே நாவில் குடியிருக்கும் பாறசாலைச் சிற்றூர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கோயில்மணி கேட்டு மெல்லக் கண்விழிக்கும் வைகறையில், மரவள்ளித் தோட்டங்களின் ஊடே வெண்ணுடை உடுத்துத் தனியே நடந்து வருகிறாரே, அவரே, நற்றமிழ் அறிந்தோரே, திருச்சபை மூப்பர் அருமநாயகம்.

வழிவழியாய் ஒரு நிலக்கிழாரின் தென்னந்தோப்பில் குடில் கட்டிக் கிடந்தவர்களின் வழித்தோன்றல் அவர். நிலச்சீர்திருத்தம் வந்து, குடில் நின்ற மண் அவருக்கே உரிமையான ஆண்டில், இனி நம்மை இங்கிருந்து எவரும் எழுப்ப முடியாதென்று மனைவி ஞானபாயின் கையைப் பற்றிக்கொண்டு மகிழ்ந்தார். எழுப்ப எவரும் வரவில்லைதான். ஆயினும் ஞானபாயைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று, ஒரே மகன் விஜயதாஸை வளைகுடா கொண்டுபோயிற்று. சொந்த மண்ணில், சொந்தக் கூரையின்கீழ், ஒரு பானையில் ஒருவருக்கு மட்டும் உலை வைத்து உண்டு வாழ்ந்தார் அவர்.

திருமுழுக்கு வேண்டி வருவோரை வினவி, அவர்தம் நம்பிக்கை மெய்யோ பொய்யோ என்று தேர்ந்து சொல்வது இருபது ஆண்டுகளாய் அவர் பணி. தேங்காயைக் காதருகே ஆட்டி நீர் பார்ப்பவர்போல் ஒவ்வோர் உள்ளத்தையும் ஆட்டிப் பார்ப்பார். ஆனால் ஞானபாய் மறைந்த நாள்முதல், நான்கு ஆண்டுகளாய், கோயிலில் அவர் உரைத்த வேண்டுதல்கள் யாவும் மனப்பாடமாய் வந்தவையேயன்றி நெஞ்சிலிருந்து எழுந்தவை அல்ல என்பதை அவர் ஒருவரே அறிவார்.

அந்நாள்களில்தான், வளைகுடா சென்ற கணவனிடமிருந்து ஐந்தாண்டுகளாய் ஒரு மடலும் வரப்பெறாத பங்கஜாட்சி, ஓராண்டுக் காலம் கடைசி இருக்கையில் ஓசையின்றி அமர்ந்து எழுந்தபின், திருமுழுக்குக் கேட்டு வந்தாள். சபையின் போதகரும் இளைஞருமான ஆயர் ஈசாக் அருகிருக்க, அருமநாயகம் வினவினார்.

"எதுக்காக்கும் நீ இங்க வாறே?"

"வீட்டுல யாரும் இல்ல மூப்பரே. வாரம் முழுக்க எம் பேரைச் சொல்லி ஒருத்தரும் விளிக்கமாட்டாவ. இங்க ஜெபத்துல போதகர் எம் பேரு சொல்லுதாரு. அதக் கேக்கத்தான் முதல்ல வந்தேன்."

"இப்போ?"

"இப்போ, அதக் கேக்குத ஒருத்தரு மேல உண்டுண்ணு தோணுது. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல்ல."

அருமநாயகம் ஆயரை நோக்கினார். "இது விசுவாசம் இல்ல போதகரே. தனிமையாக்கும்."

மூப்பரின் சொல்லைக் கடக்க இளைய ஆயருக்குத் துணிவில்லை; திருமுழுக்கு மறுக்கப்பட்டது. "சரி மூப்பரே" என்று மட்டும் சொல்லிப் போன பங்கஜாட்சி, அடுத்த ஞாயிறும் அதே கடைசி இருக்கையில் வந்தமர்ந்தாள்.

திங்கள் சில சென்றன. இவ்வாண்டும் வர இயலாதென்று மகன் எழுதிய மடல் வந்துசேர்ந்த வாரம், ஆயர் வேற்றூர் சென்றிருந்தமையால், வேண்டுதலை நடத்த அருமநாயகம் எழுந்து நின்றார். நாற்பது ஆண்டுகளாய் நாவில் ஊறிய சொற்கள் பாதியில் அறுந்தன. அடுத்த சொல்லைத் தேடினார், அகப்படவில்லை. மரக்கிராதியைப் பற்றியபடி, வற்றிய கிணற்றினுள் குனிந்து நோக்குபவர்போல் அவர் நிற்க, சபையார் ஒருவரையொருவர் பார்த்தனர். அப்போது கடைசி இருக்கையிலிருந்து பழக்கமில்லாத குரல் ஒன்று எழுந்தது.

"கர்த்தாவே, அருமநாயகம் மூப்பருக்கு இப்போ பேச முடியல்ல. அவருக்க துக்கம் என்னண்ணு உமக்குத் தெரியும். அவருக்க கூட இரும்."

அன்று நண்பகலில், வெயிலில் குடையும் இன்றி, அவர் பங்கஜாட்சியின் வாசலில் போய் நின்றார்.

"அண்ணைக்கு ஒங்கிட்ட கேட்டத எங்கிட்ட யாரும் கேட்டதில்ல. கேட்டிருந்தா, சொல்ல ஒண்ணும் இல்ல. ஞானபாய் போனதுக்குப் பிறவு நான் மனசறிஞ்சு ஜெபிச்சதே கிடையாது."

"பின்ன ஞாயிறுதோறும் எதுக்கு வாறிய?"

அவருக்குக் கிடைத்த மறுமொழி ஒன்றே. வீட்டில் யாரும் இல்லை என்று முன்பு அவள் சொன்னதாகவே அது இருந்தமையால், அவர் அதைச் சொல்லவில்லை. அது தனிமையாக்கும் என்று அவர் தீர்ப்பை அவருக்கே அவள் திருப்பித் தந்திருக்கலாம், தரவில்லை. "வெயில்லல்லா வந்திருக்கிய. இருங்க" என்று சொல்லி, பாலில்லாக் கட்டன்காப்பி போட உள்ளே சென்றாள்.

மூப்பர் தம் மறுப்பை மீட்டுக்கொண்டபின் வந்த திருமுழுக்கு நாளில், உற்றார் எவரும் இல்லாத அவள் பக்கத்தில் அருமநாயகம் சென்று நின்றார். "இவருடைய விசுவாசத்திற்கு நீங்கள் சாட்சியா?" என்று ஆயர் வினவினார்.

"இவளுக்க மனசு எனக்குத் தெரியாது போதகரே. கூட நிக்க வந்தேன்."

ஆயர் மேலும் வினவாது நீரை அள்ளினார். எழுதியபடியே அவ்வாண்டிலும் அவர் மகன் வரவில்லை. அவளுக்கும் மடல் வரவில்லை. வழிபாடு முடிந்து, இருவரும் வெவ்வேறு வரப்புகளில் தத்தம் ஆளற்ற வீடு நோக்கி நடந்தனர். பிறர் நெஞ்சின் மெய்ம்மையை அளக்கப் புகுமுன் தன் நெஞ்சினுள் ஒருபொழுது தங்கிப் பார்த்தவன், அங்கே கண்ட வெறுமையை நினைந்து, அடுத்தவர் வாசலில் குரல் தாழ்த்தியே பேசுவான். அருமநாயகம் அதன்பின் எவரையும் வினவவில்லை.