வருஷத்துக்கு ஒரு வாரம்

நட்டு அன்றைக்கு லீவு போட்டிருக்கவே கூடாது. விடுதியின் வாசலில் கால் வைத்தபோதே அது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா குடும்பம் நாலு நாள் விடுமுறைக்கு வந்திருந்தது. தீம் பார்க் வாசலில் யாரோ அத்தான் கையில் ஓர் அட்டையைத் திணித்து, பக்கத்து விடுதியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து காது கொடுத்தால் போதும், நாலு பேருக்கும் மறுநாள் டிக்கெட் இலவசம் என்று சொல்லியிருக்கிறார்கள். இலவசம் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு அத்தான் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை. காலையில் பல் விளக்கும்போதே மச்சினன் நட்டுவுக்கு போன் வந்துவிட்டது.

"மாப்ள, நீ அங்கயே வேலை பாக்குறவன். நீ பக்கத்துல உக்காந்திருந்தா நம்மள ஏமாத்தக் கொஞ்சம் யோசிப்பாங்க. கிளம்பி வா."

நட்டு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் கடிகாரம், மின்விசிறி, அப்பாவின் சைக்கிள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் போட்டு, மாட்டியது போக மிச்சம் வந்த நட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தவன். இப்போது நாற்பத்தாறு வயது. பன்னிரண்டு வருஷமாக அந்தத் தீம் பார்க்கில் பெரிய ரோலர் கோஸ்டருக்கு மெக்கானிக்.

விஷயம் இதுதான்: அந்தப் பார்க்கை இந்த சீசனோடு மூடப்போகிறார்கள். வெளியே ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பெட்டிகளை மேட்டுக்கு இழுத்துப்போகும் சங்கிலியை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். அடுத்த சீசனுக்கு முன்னால் மாற்ற வேண்டிய சங்கிலிக்கு நட்டு எழுதிக்கொடுத்த பட்டியல், 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லோடு திரும்பி வந்தது. மேலதிகாரிகளிடம் போய்ச் சத்தம் போட்டான். மறுநாள் அவனையும் இன்னும் ஐந்து மெக்கானிக்குகளையும் ஓர் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, விஷயத்தைச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அறிவிப்பு வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், பணிச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாதவனை எந்தப் பார்க்கிலும் ஒரு போல்ட்டைக்கூடத் தொட விடமாட்டார்கள். நட்டு வேறொரு பார்க்கில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். அவர்கள் முதலில் கேட்டதே அந்தச் சான்றிதழைத்தான்.

விடுதியின் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு வட்ட மேஜைகள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், எதிரே டை கட்டிய ஒருவர். அக்காவின் இரண்டு பெண்களையும் விளையாட்டு அறைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இவர்கள் மேஜைக்கு வந்த விற்பனையாளருக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆனால் பேச்சில் வெண்ணெய் வழிந்தது.

"சார், ஒவ்வொரு விடுமுறைக்கும் ஓட்டலுக்குக் கொட்டிக் கொடுக்கிறீங்க. கையில என்ன மிஞ்சுது? இங்க அப்படி இல்ல. ரெண்டு படுக்கையறை வீடு. வருஷத்துக்கு ஒரு வாரம் அது உங்களோடது. இருபத்தஞ்சு வருஷம். ஜன்னலைத் திறந்தா எதிர்ல பார்க். பொண்ணுங்க கல்யாணம் ஆகிப் பேரப்பிள்ளைங்களோட வருவாங்க."

அத்தான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவருக்குக் கட்டில் பீரோ கடை. விற்றே பழகிய மனிதருக்கு, இன்னொருவர் தனக்கு விற்கும்போது உள்ளே ஒரு குளிர்ச்சி. போன மாதம் கடையின் பின்னால் இருந்த கிடங்கை விற்ற பணம் அப்படியே வங்கியில் கிடந்தது. அது பெரியவளின் படிப்புக்கு என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, சொல்லவில்லை.

"எந்த வாரம் கிடைக்கும்?" என்றார் அத்தான்.

நட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார் என்றுதான் நம்பி வந்திருந்தான். வாரத்தைக் கேட்கிறவர் விலையைக் கேட்பார்; விலையைக் கேட்டுவிட்டால் அத்தானை எழுப்ப முடியாது.

"பராமரிப்புக் கட்டணம் வருஷா வருஷம் ஏறும் அத்தான்," என்றான்.

"ஏறட்டும். என் கடை வாடகைகூடத்தான் ஏறுது."

"வேண்டாம்னு தோணுச்சுன்னா திரும்ப விக்கிறது ரொம்பக் கஷ்டமாம்."

"விக்கிறதுக்கா வாங்குறோம்?"

"இருபத்தஞ்சு வருஷம் இந்தப் பார்க் இப்படியே இருக்கும்னு என்ன நிச்சயம்?"

இதற்கு மேல் கிட்டே போக அவனுக்குத் தைரியம் இல்லை. அத்தான் திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தார். "உனக்கென்ன மாப்ள, நட்டு கழண்டுடுச்சா? உனக்குச் சோறு போடுற இடம்டா அது." விற்பனையாளர் சிரித்தார். அத்தானும் சிரித்தார், ஆனால் கண் சிரிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் பக்கத்துக் கடை விலைக்கு வந்தபோது, சுவரில் விரிசல் இருக்கிறது, வேண்டாம் என்று தடுத்தவன் நட்டு. வாங்கிய வேறொருவர் சுவரைப் பூசிவிட்டு இன்றைக்கு ஓகோ என்று இருக்கிறார். அன்றிலிருந்து அத்தான் கணக்கில் நட்டு என்றால் பிறர் வாழப் பொறுக்காதவன். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து மேஜையில் திடீரென்று கைதட்டல். யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கையெழுத்து விழும்போதெல்லாம் கூடத்தில் இருந்த டைகள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டின. புருஷனும் பெண்டாட்டியும் கல்யாண மேடையில் நிற்பதுபோல வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்கள் குழந்தை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. நட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். பார்த்தால் அவர்களுக்கும் சொல்ல வேண்டிவரும்.

மாதிரி வீட்டைக் காட்ட மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போனார்கள். அத்தான் கட்டிலை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "உள்ள வெறும் மரத்தூள் பலகை," என்று விலையைக் குறைக்க அடிபோட்டார். விற்பனையாளர் அவரைப் பால்கனிக்குக் கூட்டிப் போனார். எதிரே ரோலர் கோஸ்டர். பெட்டிகள் மேட்டில் ஏறும் கடகட சத்தம் அறைக்குள் கேட்டது. அத்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நட்டு அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. கடையில் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்கும் மனிதர். ஒரு நிமிஷம் குழந்தையாகிவிட்டார்.

நட்டு அக்காவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தான்.

"அக்கா, அவர் கையெழுத்துப் போடாமப் பாத்துக்கோ. பார்க்கை மூடப்போறாங்க. இந்த சீசனோட சரி."

அக்கா அவனையே பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட எழுதி வாங்கியிருக்காங்க. தெரிஞ்சா என் பொழப்புப் போச்சு. அவர்கிட்டயும் சொல்லிடாத. வேற ஏதாவது சொல்லித் தடு."

"வேற என்னடா சொல்றது?" என்றாள் அக்கா. பால்கனியில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தாள். "சரி. நான் பாத்துக்கறேன்."

திரும்ப அவர்களைக் கூடத்தில் உட்கார வைக்கவில்லை. கண்ணாடிச் சுவர் வைத்த சின்ன அறைக்கு அழைத்துப் போனார்கள். தம்பதி மட்டும் உள்ளே, இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டும், மற்றவர்கள் வெளியே சோபாவில் காத்திருக்கலாம் என்றார்கள். நட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். உள்ளே பேசுவது கேட்கவில்லை, முகங்கள் மட்டும் தெரிந்தன. அக்கா ஏதோ சொன்னாள். அத்தான் கையை வீசி அதைத் தள்ளினார். அக்கா மறுபடி சொன்னாள், பெண்கள் இருந்த திசையில் கையைக் காட்டினாள். அத்தான் பேனாவைத் திறந்தார். விற்பனையாளர் தாளின் மூலையைப் பிடித்துக்கொடுத்தார். நட்டு சோபாவிலிருந்து பாதி எழுந்தான்.

அப்போது அக்கா குனிந்து அத்தானின் காதில் ஏதோ சொன்னாள்.

பேனா நின்றது. அப்பாடா என்று இருந்தது நட்டுவுக்கு. ஆனால் அத்தான் எழுந்திருக்கவில்லை. பேனாவை மூடி மேஜையில் வைத்தார். இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டார். அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பை நட்டு கடையில் பார்த்திருக்கிறான். மரக்காரனின் லாரியில் ஒரு பலகை வெடித்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால் அத்தானுக்கு அந்தச் சிரிப்புதான் வரும். உடனே மொத்த லோடுக்கும் விலையைப் பாதியாக்குவார்.

ஆபத்து என்று சொன்னால் மற்றவர்கள் ஓடுவார்கள். அத்தான் பேரம் பேசுவார்.

விற்பனையாளரின் முகம் மாறியது. வெளியே வந்து, நட்டுவைத் தாண்டி விறுவிறு என்று போனார். திரும்பி வரும்போது கூடவே மேனேஜர் அம்மா வந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி, "சார், நீங்களும் உள்ள வாங்களேன்," என்று நட்டுவைக் கூப்பிட்டார்.

"வா மாப்ள," என்றார் அத்தான், பெருமை பொங்க. "இவன்தான் மேடம். பன்னெண்டு வருஷமா அங்க மெக்கானிக். இவன் சொன்னா அது சும்மா இருக்காது. பார்க்கே இல்லாத ஊர்ல எதுக்கு முழு விலை? பாதியா முடிச்சுக்கலாம்."

மேனேஜர் அம்மா நட்டுவுக்கு எதிரே உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "பார்க்கோட நிர்வாகியை எனக்கு நல்லாத் தெரியும். இப்பவே போன் போட்டுக் கேட்டுடலாம். உங்க பேரைச் சொல்லிக் கேக்கட்டுமா?" கைப்பேசியை மேஜையில் வைத்து, எண்ணைத் தேடி நிறுத்தினார். "சொல்லுங்க. நீங்க சொன்னது நிஜமா?"

நட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றச் சொல்லி ஒப்படைத்த ரகசியத்தை அவள் நழுவவிட்டுவிட்டாள். அதை அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நிஜம் என்றால் நாளைக்கு வேலை இல்லை, வேறெங்கும் வேலை இல்லை. இல்லை என்றால் கிடங்கு விற்ற பணம் மூடிய பார்க்கின் எதிரே இருபத்தைந்து வருஷத்துக்கு உட்கார்ந்திருக்கும்.

"இல்ல மேடம்," என்றான். "நான்தான் கதை விட்டேன்."

மேனேஜர் அம்மா கைப்பேசியிலிருந்து விரலை எடுத்தார்.

"எதுக்கு சார் அப்படிச் சொன்னீங்க?"

"அவர் வாங்கக் கூடாதுன்னு."

"எதுக்கு வாங்கக் கூடாது?" இதைக் கேட்டவர் அத்தான்.

அதற்கு ஒரே ஒரு பதில்தான் எல்லோரும் நம்புகிற பதில். அத்தான் மூன்று வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த பதில். "பொறாமைதான் அத்தான்," என்றான் நட்டு.

அத்தான் கத்துவார் என்று நினைத்தான். கத்தவில்லை. முகம் மெல்லத் தொங்கிப்போயிற்று. தான் இத்தனை நாள் நினைத்தது சரிதான் என்று தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷம் இல்லை. அது தப்பாக இருக்க வேண்டும் என்று அவரும் ஆசைப்பட்டிருக்கிறார். நட்டுவுக்கு அதுதான் தாங்கவில்லை.

"சொந்த அக்கா குடும்பம்டா," என்றார். அவ்வளவுதான் சொன்னார். பேனாவைத் திறந்தார், விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டார். தாளை அக்கா பக்கம் தள்ளினார். "போடு."

மேனேஜர் அம்மா கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே ஏதோ மேஜையில் கைதட்டல் எழுந்து அடங்கியது.

அக்கா பேனாவை எடுக்கவில்லை. நட்டு அவளைப் பார்க்கக் கூடாது என்று சுவரைப் பார்த்தான். ஒரு கண் சாடை போதும், மேனேஜர் அம்மா பிடித்துவிடுவார்.

"எனக்கு வேணாம்," என்றாள் அக்கா.

"அதான் உன் தம்பியே பொய்னு சொல்லிட்டானே?"

"சொல்லட்டும். எனக்கு வேணாம்."

"ஏன்?"

"வேணாம்."

விற்பனையாளர் இரண்டு வாரமாக்கித் தருவதாகச் சொன்னார். மேனேஜர் அம்மா முதல் வருஷப் பராமரிப்பைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் அதே ஒரு சொல்லைச் சொன்னாள். குரல் நடுங்கியது, சொல் மாறவில்லை. அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல. பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

விளையாட்டு அறையிலிருந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தார்கள். பெண்கள் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அத்தான் அவர்களைப் பின் இருக்கையில் ஏற்றி, கதவைச் சாத்தி, நட்டுவின் பக்கம் திரும்பினார். "இனிமே என் வீட்டு வாசல மிதிக்காத," என்றார். ஏறி உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அக்கா ஏறவில்லை. காரின் பின்பக்கம் வந்து நின்றாள்.

"நீ அவர்கிட்ட விஷயத்தச் சொல்லாமலே வேணாம்னு சொல்லியிருக்கலாமேக்கா," என்றான் நட்டு. அடக்க முடியவில்லை, கேட்டுவிட்டான்.

"வேணாம்னு சொன்னாக் கேப்பாங்கன்னு எனக்கு எப்படிடா தெரியும்? இருபத்தொரு வருஷத்துல ஒரு நாளாவது சொல்லிப் பாத்திருக்கேனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்ப வெளிய சொல்லுவாங்க?"

"இன்னும் பதினோரு வாரம்."

"அதுவரைக்கும் வராத."

"அப்பறம் அவருக்கே தெரிஞ்சிடும்க்கா. கோபம் போயிடும்."

"கோபம் போயிடும்," என்றாள் அக்கா. "உன்ன இப்படி விரட்டினோமேன்னு வெக்கம் வரும் பாரு, அப்ப உன் மூஞ்சிய அவர் எப்படிப் பாப்பாரு? அதுக்கு எத்தனை வாரம் ஆகும்னு எனக்குத் தெரியலடா."

அத்தான் ஹாரனை அடித்தார். அவள் போய் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள்.