மலை ரயிலின் பல்சக்கரம்

"அறுத்துட்டியா? நெசமாவே அறுத்துட்டியா சசி?"

"சார், நீங்கதானே சாம்பிள்னு—"

"இன்னா சாம்பிள்? ரெண்டு துண்டா கீதே!"

"—சாம்பிள்னு மஞ்சள் சீட்டு ஒட்டி வெச்சீங்க! எந்த சாம்பிள் வந்தாலும் முதல்ல அறுத்து இரும்பைச் சோதிக்கணும்னு சொல்லிக்குடுத்ததே நீங்கதானே?"

"அது காரு பார்ட்ஸுக்கும்மா!"

ஒரகடத்துப் பட்டறையின் முதலாளி ராஜாமணி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மேசைமேல் கிடந்தது, தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல்வரிசையைக் கவ்வி மலை ரயிலை மேலேற்றும் சக்கரம்.

"சுவிட்சர்லாந்துல இருந்து கப்பல்ல வந்த நீராவி இன்ஜின். இதுக்கு வரைபடமும் கெடையாது, மாத்துச் சக்கரமும் கெடையாது. இந்தச் சக்கரத்தைப் பாத்துத்தான் புதுசு செய்யணும்."

"வெல்டிங் வெச்சுடலாமா சார்?"

"ஒட்டுப்போட்ட சக்கரத்தை நம்பி மலைமேல ஜனங்களை ஏத்துவியா நீ?"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சசிகலா தன் கோட்டைக் கழற்றி அவசரமாகத் துண்டுகளின் மேல் போர்த்தினாள். மலை ரயில் ஷெட்டிலிருந்து வந்த ஃபிட்டர் ஸ்ரீதர் சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"புதுசை நிதானமா செய்ங்க சார். அதுவரைக்கும் பழசையே மாட்டி ஓட்டச் சொல்லிட்டாங்க. எங்க சக்கரத்தைக் குடுங்க, கிளம்பறேன்."