மூன்றாவது மணி

எத்தனை டிக்கெட் என்று ஃபோனில் அந்தப் பெண் கேட்டாள். இரண்டு என்றேன்.

ஆறு வருடங்களாக அந்தக் கேள்விக்கு அதுதான் பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பெயர்களைக் கேட்டாள். இரண்டையும் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. திரும்பக் கூப்பிட்டு ஒன்றாக மாற்றச் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அதற்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. எட்டு மாதம் ஆகிறது. சொந்தக்காரர்களுக்கு அக்கா சொன்னாள். அலுவலகத்தில் மேலாளர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஆம்புலன்ஸைப் பார்த்தே தெரிந்துவிட்டது. வங்கியிலும் கேஸ் ஏஜென்சியிலும் சான்றிதழின் நகலை நீட்டினேன். அவர்கள் படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பத்து நகல் எடுத்து வைத்திருந்தேன். எங்கும் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. நான் சொல்லாதவரை அது முழுதாக நடந்து முடியவில்லை என்று உள்ளே ஒரு நினைப்பு. முட்டாள்தனம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களை ஓட்டினேன்.

வெளியே எங்கேயாவது போய்விட்டு வா என்று அக்கா வாரம் தவறாமல் நச்சரித்தாள். இப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தால் சுவரென்று நினைத்து உன் மேலும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள் என்றாள். அவள் வாயை அடைக்கத்தான் டிக்கெட் எடுத்தேன். நகரத்திலிருந்து காலையில் கிளம்பி, கலங்கரை விளக்கம், கடற்கரை, மாலையில் திரும்புவது. எனக்குத் தெரிந்த சுற்றுலா அது ஒன்றுதான். நானும் என் மனைவியும் மூன்று முறை போயிருந்தோம்.

சனிக்கிழமை காலை அவளுடைய துணிப்பையை எடுத்துக்கொண்டேன். உதறிய பிறகும் தையல் ஓரத்தில் மணல் இருந்தது. நான்கு மாடி இறங்கினேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நான் லிஃப்ட் பரிசோதகன். வீட்டுக்கு வருகிறவர்கள் மூச்சு வாங்க உட்கார்ந்ததும் அவள் சொல்லும் முதல் விஷயம் இதுதான். சமையல்காரர் வீட்டில் பட்டினி என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள்.

பேருந்து ஆறரைக்கு டிராவல்ஸ் வாசலில் நின்றது. கைடு பழைய ஆள்தான். தொப்பி புதுசு. வயிறு கொஞ்சம் முன்னேறியிருந்தது. கையில் அதே பித்தளை மணி, பள்ளிக்கூட மணி மாதிரி மரப்பிடி போட்டது. கதவருகே நின்று பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் பத்துப் பேர் பையும் தொப்பியுமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"லிஃப்ட் சார்தானே? எங்க, நம்ம மூணாவது மணி மேடம் வந்திருக்காங்களா?"

"வந்திருக்கா," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு டிக் போட்டார்.

கயிறு, பிரேக், கதவு, எடை என்று நாற்பத்திரண்டு கட்டங்கள் உள்ள தாளில் டிக் போடுவது என் பிழைப்பு. பார்க்காத ஒன்றுக்கு ஒருநாளும் போட்டதில்லை. அந்த இரண்டாவது டிக்கைப் பார்த்துக்கொண்டு படியில் நின்றேன். பின்னால் இருந்தவர் தள்ளினார். ஏறிவிட்டேன்.

அவளுக்கு அந்தப் பட்டம் கொடுத்தது அவர்தான். கடற்கரையிலிருந்து திரும்பும் நேரத்தில் மூன்று தடவை மணி அடிப்பார். கால் மணி நேரத்துக்கு முன்னால் ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒன்று, கிளம்பும்போது ஒன்று. நான் முதல் மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அவள் மூன்றாவது மணி அடித்து ஓயும்போதுதான் வருவாள். செருப்பு கையில் இருக்கும். உடையின் விளிம்பு நனைந்து மணல் அப்பியிருக்கும். முதல் முறை போனபோது மைக்கில் அவளை அறிமுகப்படுத்தினார்: இவங்கதான் நம்ம மூணாவது மணி. வண்டியே கைதட்டியது. அவள் குனிந்து வணக்கம் வைத்தாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

ஏழாவது வரிசை. ஜன்னல் ஓரம் எப்போதும் அவளுக்கு. உடம்பு பழக்கத்தில் வழி ஓரத்தில் உட்கார்ந்தது. துணிப்பையை ஜன்னல் ஓரத்தில் வைத்தேன்.

ஆள் எண்ணுவதில் அந்த கைடுக்கு ஒரு தனி முறை உண்டு. தலைகளை எண்ண மாட்டார். தூங்கிச் சரிந்தவன் விட்டுப்போவான், எழுந்து நடப்பவன் இரண்டு தடவை வருவான் என்பார். வழி ஓரத்தில் இருப்பவர்தான் ஜன்னல் ஓரத்தில் இருப்பவருக்குப் பொறுப்பு. பக்கத்து ஆள் இருந்தால் கை தூக்க வேண்டும். இந்தப் பக்கம் பத்து கை, அந்தப் பக்கம் பத்து கை. உயரமான இருக்கைகள், முன்னால் நிற்பவருக்குக் கைகள் மட்டும்தான் தெரியும்.

"பக்கத்து ஆள் இருக்கா?" என்று மைக்கில் கேட்டார்.

தூக்கினேன். இருபது என்றார். வண்டி கிளம்பியது.

வழிக்கு அந்தப் பக்கம் ஒரு தையல்காரரும் அவர் மனைவியும். தையல்காரர் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து ஊர் எல்லை வருவதற்குள் தூங்கிப்போனார். அந்த அம்மா ஐந்தே நிமிடத்தில் தன் வரலாற்றைச் சொன்னார். இரண்டு மிஷின் உள்ள கடை, காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் அவர் பொறுப்பு, முப்பது வருடத்தில் இதுதான் கடை மூடிய முதல் சனிக்கிழமை. பேசிக்கொண்டே என் பக்கத்து இருக்கையை ஒரு பார்வை பார்த்தார். பையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

கடல் தெரியும் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் கைடு மைக்கை எடுத்தார். கடலை முதலில் பார்க்கிறவருக்குப் பரிசு உண்டு என்றார். எல்லோரும் எக்கினார்கள். குழந்தைகள் கத்தின. பரிசு அதோ அந்தக் கடல்தான், எடுத்துக்கொண்டு போகலாம், வீட்டில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு எழுத்து மாறவில்லை. மூன்றாவது முறை வந்தபோது அவள் அவருடைய குரலிலேயே, அரை நொடி முன்னதாக, என் காதருகில் அதைச் சொல்லி முடித்தாள். நான் அவரைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்து அவர் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். இப்போது அரை நொடி முன்னதாக ஒன்றும் கேட்கவில்லை. ஜோக் அதன் நேரத்துக்கு வந்து போனது.

கலங்கரை விளக்கத்தில் நான் ஏறவில்லை. நூற்று எண்பது படிகள். இங்கே ஒரு லிஃப்ட் வைத்தால் உனக்கு வருடத்துக்கு ஒரு நாள் கடல் காற்று கிடைக்கும் என்று அவள் ஒவ்வொரு முறையும் சொல்வாள். எல்லோரும் திரும்ப வண்டியில் ஏறியதும் கைடு கேட்டார். இரண்டாவது தடவையும் கை தூக்கினேன். முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

மதியம் கடற்கரையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். பட்டியல்படி எனக்கு இரண்டு. அதை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தேன். தையல்காரர் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, உங்க வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் பின்னாடி எங்கேயோ உக்காந்துட்டாங்க, அதானே?"

நான் இரண்டு பொட்டலங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்.

"நானும் எங்க வீட்டுக்காரரும் பேசாமலேயே போன ஊரு எத்தனை இருக்குன்னு நெனைக்கிறீங்க. பேச்சுதான் இல்ல, மத்தபடி நல்லா சுத்திப் பார்த்தோம். என்ன கலர் துணின்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் ரெண்டு வார்த்தை பேசிக் கூட்டிட்டு வரேன்."

வேண்டாம் என்று தலையசைத்திருக்கலாம். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். இங்கே நீட்டக் கையில் நகல் இல்லை.

"நீலம்," என்றேன்.

முதல் முறை வந்தபோது அவள் உடுத்தியிருந்தது நீலம். ஈரமானால் இன்னும் அடர்த்தியாகும் நீலம். அந்த அம்மா எழுந்து கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடற்கரையை அளந்தார். பிறகு தையல்காரர் கூப்பிட்டதால் போய்விட்டார்.

நான் தண்ணீர் ஓரத்துக்குப் போனேன். அவள் அங்கே செய்வது ஒன்றே ஒன்றுதான். ஈர மணலில் அசையாமல் நிற்பாள். ஒவ்வொரு அலையும் பாதத்துக்கு அடியில் கொஞ்சம் மணலைத் தோண்டும். கணுக்கால் வரை புதையும்வரை நிற்பாள். மணி அடித்துவிட்டது என்று நான் மேலிருந்து கத்துவேன். "இன்னும் ஒரே ஒரு அலை" என்பாள். அந்த ஒரே ஒரு அலை பத்துப் பன்னிரண்டு ஆகும். இதில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூடப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. இடத்தைப் பிடிக்க ஓடிவிடுவேன். ஏற்கெனவே எண் போட்ட இருக்கைக்கு.

அன்று நின்றேன். ஏழு அலைக்குக் கணுக்கால் புதைந்தது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவள் தலைவலி என்றாள். மாத்திரையும் தண்ணீரும் கட்டிலருகே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் ஃபோனுக்குச் சிக்னல் கிடைக்காது. இரண்டு மணி நேரம் அதற்குள் இருந்தேன். மேலே வந்தபோது அக்காவிடமிருந்து பதினேழு அழைப்புகள்.

முதல் மணி அடித்தது. வண்டிக்குப் போனேன். இரண்டாவது அடித்தது. மூன்றாவதும் அடித்தது. எல்லோரும் ஏறிவிட்டார்கள். மணலும் வியர்வையும் கலந்த வாடை. கைடு முன்னால் நின்று கேட்டார். கைகள் உயர்ந்தன.

கை தூக்கினால் வண்டி கிளம்பிவிடும். தூக்காவிட்டால் கொஞ்ச நேரம் நிற்கும். அவ்வளவுதான் நினைத்தேன். இன்னும் ஒரு தடவை இந்த வண்டி அவளுக்காக நிற்கட்டும். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பத்தொன்பது என்றார். என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. நாலு வருஷமாகியும் மேடம் மாறவே இல்லை என்று மைக்கில் சொன்னார். முந்தைய பயணங்களைப் பற்றியும் சொன்னார். வண்டி சிரித்தது. கீழே இறங்கி, ஒருநாளும் அடிக்காத நான்காவது மணியைக் கடலைப் பார்த்து அடித்தார்.

ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம். சிரிப்பு நின்றுவிட்டது. யாரோ ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார்கள். தையல்காரர் மனைவி இறங்கிப் போய் கைடிடம் ஏதோ பேசினார். கைகளை ஆட்டிப் பேசினார். காலையிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை, அந்தப் பொண்ணு நீலக் கலரில் உடுத்தியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கைடின் முகம் மாறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் ஓடினார். லைஃப்கார்டு விசில் ஊதினான். பயணிகளில் இரண்டு பேர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் போனார்கள். நான் இறங்கினேன். கால் மணலில் வேகமாகப் போகவில்லை.

"நீலம், அதோ நீலம்," என்று ஒருவர் கைநீட்டினார்.

எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். பாறைகளுக்குப் பக்கத்தில் நீலமாக ஏதோ அசைந்தது. ஒரு நொடி, அவள் செருப்பைக் கையில் எடுக்கக் குனிகிறாள் என்றே நினைத்தேன். நாற்காலி வாடகைக்கு விடுபவர் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார்.

கைடின் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க. அவ வர மாட்டா."

"ஏன் சார், எங்க போனாங்க?"

"செத்துட்டா. எட்டு மாசம் ஆச்சு."

அலை ஒன்று வந்து போனது. கைடு மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டார், தற்செயலாகக்கூட ஒலித்துவிடக் கூடாது என்பதுபோல. பிறகு மற்றக் கையை உயர்த்தி லைஃப்கார்டுக்குச் சைகை காட்டினார்.

"காலையில கேட்டேனே சார்."

"கேட்டீங்க. நீங்க கேட்டது நல்லா இருந்துச்சு. அதான்."

அவர் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டுக்கொண்டார். தண்ணீருக்குள் போன இருவரில் ஒருவர் சட்டையை உதறிக்கொண்டே என்னைத் திட்டினார். திட்டியதில் தப்பில்லை. மன்னிச்சிடுங்க என்றேன். வண்டியில் ஏறிப் பொதுவாக எல்லோரிடமும் அதையே சொன்னேன். விஷயம் எனக்கு முன்னாலேயே ஏறிவிட்டிருந்தது. ரயிலைப் பிடிக்க வேண்டியவர் காலை இழுத்துக்கொண்டு எனக்கு வழி விட்டார்.

ஏழாவது வரிசை. துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்தேன். தையல்காரர் மனைவி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூக்கை உறிஞ்சினார். தையல்காரர் அவர் கையில் தன் கைக்குட்டையைத் திணித்தார்.

கைடு மைக்கை எடுத்தார். என்ன நடந்தாலும் எண்ணாமல் வண்டி எடுப்பதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பக்கத்து ஆள் இருக்கா?"

கைகள் உயர்ந்தன. என் பக்கத்தில் வழி ஓரம் காலியாக இருந்தது. எனக்காகத் தூக்க யாரும் இல்லை. என்னை எண்ண ஒரு கை குறையும், இனி அவர் வந்துதான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

வழிக்கு அந்தப் பக்கம் தையல்காரர் மனைவி இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். ஒன்றில் கைக்குட்டை இருந்தது. கைடு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பட்டியலில் எதையும் திருத்தவில்லை.

"இருபது," என்றார்.

வண்டி திரும்பியது. மாலை வெயில் கண்ணாடி வழியாக நேராக முகத்தில் அடித்தது. திருப்பம் தாண்டும்வரை அப்படித்தான் அடித்தது. மூன்று பயணத்தில் ஒரு தடவைகூட அவள் இந்த வெயிலைப் பற்றிச் சொன்னதில்லை.