தேவதையின் உதடு

கல்லறைச் சிலை செய்யும் அந்தப் பட்டறையில் அச்சு ஒன்றுதான். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே சின்னக் கத்தியால் முகம் செதுக்குவது வீட்டின் இரண்டு மருமகள்கள். செதுக்கி முடித்ததும் பீடத்தின் பின்புறம் அவரவர் கட்டைவிரலைப் பதிக்க வேண்டும், யார் கை என்று தெரிய.

மூத்தவள் செதுக்கும் தேவதூதர்கள் முறைப்பார்கள். "வேதத்துல தூதர் வந்ததும் முதல் வார்த்தையே 'பயப்படாதே'தான். பாத்ததும் பயம் வரலேன்னா எதுக்கு அப்படிச் சொல்லணும்?" என்பாள். நியாயமான கேள்விதான். வாங்கத்தான் ஆளில்லை. இளையவளின் தேவதைகளோ பிறந்தநாள் வாழ்த்து அட்டையிலிருந்து இறங்கி வந்ததுபோல் கன்னம் உப்பிச் சிரிக்கும். ஒன்றுகூட விற்காமல் தங்காது.

"இந்த வாரமும் உன்னுது போகலேன்னா, நீ இறக்கையத் தேய்ச்சாப் போதும்மா. முகமெல்லாம் சின்னவ பாத்துக்கட்டும்," என்றார் மாமனார்.

மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. பதினாறு வருஷம் முகம் செதுக்கியவள், நேற்று வந்தவளுக்கு இறக்கை தேய்ப்பதா? மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம், இளையவள் முடித்து வைத்திருந்த ஈரச் சிலையின் முன் போய் நின்றாள். அது தன்னைப் பார்த்தே சிரிப்பதாகப் பட்டது. கத்தியை எடுத்தாள். உதட்டோரத்தில் ஒரே இழுப்பு. சிரிப்பு போயே போய்விட்டது.

மறுநாள், மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் வந்தார். சிரிக்கும் சிலைகளைத் தாண்டினார். முறைக்கும் சிலைகளையும் தாண்டினார். உதடு கோணிய தேவதையின் முன் நின்றுவிட்டார்.

"இது அழுகைய அடக்கிக்கிட்டு நிக்குது. என்னை மாதிரியே. இதையே குடுங்க."

மாமனார் பின்னால் போய் ரேகையைப் பார்த்தார். "சின்னவ கை! நான் சொல்லலே?"

இளையவள் கிட்டே வந்து சிலையின் உதட்டைப் பார்த்தாள். பிறகு மூத்தவளைப் பார்த்தாள். "இல்ல மாமா. முகம்தான் என்னுது. அந்த உதடு அக்கா செஞ்சது."

அந்தத் தாய் மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு எப்படிம்மா புரிஞ்சுது?"

என்னவென்று சொல்வாள்? வயிற்றெரிச்சலில் இழுத்த இழுப்பு என்றா? சிலையைக் கெடுத்துவிட்டாள் என்று இளையவள் கத்தியிருக்கலாம். பேரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் அடுத்த முகத்தைச் செதுக்க உட்கார்ந்துவிட்டாள்.

இந்த நல்ல மனசும் இவளுக்குத்தானா அமைய வேண்டும் என்று, மூத்தவளுக்கு அதற்கும் எரிந்தது.