ஆறு மில்லிமீட்டர்

தையல் கடையில எனக்கு மில்லிமீட்டர்னுதான் பேரு. காலர் ஒரு நூல் தூக்கியிருந்தாக்கூட, பிரிச்சுப் போடுன்னு கத்துவேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கற ஆளு. அப்படிப்பட்டவன் ஒரு வாட்ச் வாங்கப் போய்க் கோட்டை விட்டேன்னா யார் நம்புவாங்க? சொல்றேன், கேளுங்க. திட்டறதா இருந்தா கடைசியில திட்டுங்க.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம் முடிஞ்சது. என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில நர்ஸ். அவ கையில ஒரு வாட்ச் இருந்தது, சோப்பு டப்பா கனத்துக்கு. ரப்பர் பட்டை, பெரிய வெள்ளை முகம், அதுல சிவப்பா ஓடற வினாடி முள். அவளுக்கு நான் பார்த்துப் பார்த்துத் தைச்சுக் கொடுக்கற முழுக்கைச் சட்டையோட கைப்பட்டிக்குள்ள அது போகவே போகாது. முட்டிக்கிட்டு நிக்கும். பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அவளைக் கூட்டிக்கிட்டு வாட்ச் கடைக்குப் போனேன். "ஒல்லியா, ஃபினிஷிங் சுத்தமா இருக்கணும்"னேன். கடைக்காரர் எடுத்து வெச்சுக்கிட்டே இருந்தார். நான் விளிம்பை விரலால தடவிப் பார்த்தேன். பட்டை சேர்ற இடத்துல இடைவெளி இருக்கான்னு பார்த்தேன். பாக்கெட்லேர்ந்து டேப்பை எடுத்துக் கனம்கூட அளந்தேன். கடைசியில ஒண்ணு மாட்டுச்சு. பேட்டரியில ஓடற குவார்ட்ஸ், ஆறே மில்லிமீட்டர். தந்த நிற முகம், ரெண்டே முள்ளு. அவ கையில கட்டிச் சட்டைக் கையை இழுத்து விட்டேன். சத்தமில்லாம உள்ள போயிடுச்சு.

அவ திருப்பித் திருப்பிப் பார்த்தா. "என்னங்க, இதுல வினாடி முள் இல்லையே"ன்னா, மெதுவா.

ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? இந்த வாய் சும்மா இருக்குமா? "வினாடி பார்த்து நீ என்ன ராக்கெட்டா விடப் போற?"ன்னேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். நானும் சிரிச்சேன். அவளும் கொஞ்சம் சிரிச்சா. போதாக்குறைக்குப் பழைய வாட்சை எடுத்து, "இதைக் குப்பையில போட்டுடுங்க"ன்னு நானே கொடுத்தேன். வெளிய வர்றப்ப அவ அந்தக் குப்பைக் கூடையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தா. நான் பார்த்தேன். பார்த்தும் கண்டுக்கல.

அஞ்சு மாசம் தினமும் அவ வேலைக்குக் கிளம்பறப்ப, "கட்டினியா?"ன்னு கேட்பேன். கையை நீட்டிக் காட்டுவா. எனக்குப் பெருமையில தலைகால் புரியாது.

போன செவ்வாய்க்கிழமை மூக்குக் கண்ணாடியை மறந்துட்டுப் போயிட்டா. கொடுத்துட்டு வரலாம்னு வார்டுக்குப் போனேன். தூணுக்குப் பின்னாடி ஒரு கட்டில். அதுல படுத்திருந்த பெரியவரோட மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பக்கத்துல அவரோட மக. அந்தப் பொண்ணுகிட்ட, "உங்க வாட்சைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கம்மா"ன்னு கேட்டு, அந்த பிளாஸ்டிக் வாட்சைப் பார்த்து நாடியை எண்ணினா. நான் வாங்கிக் கொடுத்தது அவ கையில பளபளன்னு சும்மா கிடந்தது.

அவகிட்ட போக மனசு வரல. வார்டைப் பார்த்துக்கற பெரிய சிஸ்டர்கிட்ட கண்ணாடியை நீட்டினேன். அவங்க ஓரமா கூப்பிட்டுச் சொன்னாங்க. "மெஷின் இருக்கு. ஆனா துடிப்பு சீரா இல்லாதவங்களுக்கு முழுசா ஒரு நிமிஷம் கையாலதான் எண்ணணும், இங்க அதுதான் முறை. உள்ள போன் எடுக்கக் கூடாது. அந்தக் கட்டில்லேர்ந்து சுவர்க் கடிகாரமும் தெரியாது. போன மாசம் அங்க இருந்த ஒருத்தருக்கு உங்க வீட்டம்மா உத்தேசமா எண்ணி எழுபத்தெட்டுன்னு எழுதிட்டாங்க. டாக்டர் எண்ணினா அம்பத்து நாலு. நல்ல வேளை, துடிப்பைக் குறைக்கற மாத்திரையைக் கொடுக்காம நிறுத்தினாங்க. பதினேழு வருஷத்துல முதல் மெமோ சார். எனக்கப்புறம் இந்தப் பொறுப்பு அவங்களுக்குத்தான்னு இருந்தது. இனிமே எங்க?" நிறுத்திட்டு, "வீட்ல சொல்லலையா?"ன்னாங்க.

சொல்லல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

நேரா வாட்ச் கடைக்குப் போனேன். "வினாடி முள் வெச்சது காட்டுங்க. எவ்வளவு தடியா இருந்தாலும் பரவாயில்ல." கடைக்காரர் என்னை உத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துடுச்சு. "அட, டேப் வெச்சு அளந்தவர்தானே? என்ன சார், வீட்டம்மா ராக்கெட் விட ஆரம்பிச்சுட்டாங்களா?"

என் வாயிலேர்ந்து வந்த அதே பேச்சு. செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது. அன்னைக்கு அவ எப்படித்தான் சிரிச்சாளோ.

அவ வேலை முடிஞ்சு வந்ததும் டப்பாவை நீட்டினேன். திறந்து, ஓடற முள்ளையே பார்த்துக்கிட்டு நின்னா.

"ஏன் என்கிட்ட கேட்டு வாங்கிக்கல?"

"ஆசையா அளந்தெல்லாம் எடுத்தீங்க. அன்னைக்குக் கடையில அத்தனை சிரிச்சப்புறம், மறுபடியும் போய் வினாடி முள்ளுன்னு எப்படிங்க கேக்கறது? தினமும் கட்டினியான்னு வேற கேப்பீங்க, தனியா ஒண்ணு வாங்கிக் கட்டவும் மனசு வரல." கோபமே இல்லாம சொன்னா. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"சரியா ஓடுதான்னு பார்ப்போம்"னு என் மணிக்கட்டைப் பிடிச்சா. விரல் சில்லுன்னு இருந்தது. உதடு அசையுது, கண்ணு முள்ளு மேல.

"அந்த மெமோ..."ன்னு ஆரம்பிச்சேன்.

"பேசாதீங்க. எண்ணறேன்."

முள்ளு ஒரு சுத்து வந்தது. எனக்கு அது முடியவே முடியாது போலிருந்தது.

"நூத்திப் பத்து! என்னங்க, எங்கேர்ந்தாவது ஓடியா வந்தீங்க?"

"வந்து முக்கால் மணி நேரம் ஆச்சு"ன்னேன்.

அவ என் முகத்தை நிமிர்ந்து பார்த்தா. கையை விடல. முள்ளு பன்னிரண்டுக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து, மறுபடியும் ஒண்ணுலேர்ந்து எண்ண ஆரம்பிச்சா.